‘3000-ல் சுற்றவும்’ என்றால் எந்த மெஷினில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் பல வருடமாக ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இப்போது சின்ன ஊர் லேப்களில்கூட செய்முறைகளை சாஃப்ட்வேரில் ஏற்றி வைக்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அதில் ‘விளக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை யாரும் மதிப்பதே இல்லை. அரை வரி தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

முன்பு நான் இருந்த ஒரு லேபில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பரிசோதனைக்கு (ரத்தம் கட்டுவதற்கும் கரு கலைவதற்கும் காரணமாகக்கூடிய ஒரு எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) “3000-ல் இரண்டு தடவை சுற்றவும்” என்று மட்டும் எழுதியிருந்தது, அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று. எழுதியவர் பெரிய சென்ட்ரிஃபியூஜிலேயே (ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) வேலை பார்த்தவர், அவருக்கு அது போதும். ஒருநாள் அந்த மெஷின் பழுதாகிவிட, நைட் ஷிப்டில் இருந்த பெண் அதே 3000-ஐ மேசை மேலிருந்த சின்ன மெஷினில் வைத்துச் சுற்றி, பிரிந்த பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை, ஃப்ரீசரில் உறைய வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? ஸ்கிரீனில் இருந்ததைத்தான் செய்தார். சுற்று ஒன்றாக இருந்தாலும் விசை ஒன்றாக இருக்காது. மெஷினுக்குள் சுழலும் ரோட்டரின் ஆரம் 20 செ.மீ. என்றால் 3000 சுற்றில் சுமார் 2,000 ஜி (புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு விசை) வரும், 10 செ.மீ. என்றால் அதில் பாதிதான். விசை போதாமல் பிளாஸ்மாவில் தட்டணுக்கள் தங்கிவிட்டால், உறைய வைத்து எடுக்கும்போது அவை உடைந்து, நோய் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் காட்டிவிடும். காலையில் பதிவேட்டைப் பார்த்த எங்கள் டாக்டர் சந்தேகப்பட்டு ரிப்போர்ட்டை நிறுத்தினார். அந்த ரத்த மாதிரி, மூன்று முறை கரு கலைந்த ஒரு பெண்ணுடையது. இரண்டு பஸ் மாறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவரை, மறுபடி வாருங்கள் என்று போனில் கூப்பிட்டது நான்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை, “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லியிலும் பாஸ்டனிலும் இருந்த இரண்டு மார்பகப் புற்றுநோய் ஆய்வுக் குழுக்கள் ஒரே மாதிரியான திசுவைப் பிரித்துப் பார்த்தும் முடிவு ஒத்துப்போகவே இல்லை. கருவி, ரசாயனம் என்று எல்லாவற்றையும் சோதித்து ஒரு வருடத்துக்கு மேல் போனது. கடைசியில் பார்த்தால், ஒரு குழு திசுவை வேகமாகக் கலக்கியிருக்கிறது, இன்னொன்று மெதுவாக ஆட்டியிருக்கிறது, அவ்வளவுதான்! 2014-ல் இதை அவர்களே கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள்.

‘அறை வெப்பநிலை’ என்று எழுதுகிறோம். புத்தகம் சொல்வது 20 முதல் 25 டிகிரி, ஏசி இல்லாத நம் ஊர் அறையில் மே மாதம் 35-ஐத் தாண்டும். ‘இரவு முழுக்க’ என்பது ஒருவருக்கு 12 மணி நேரம், இன்னொருவருக்கு 16. எண்ணைப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அப்புறம், விளக்கத்தைத் தமிழிலும் எழுதலாம். பெரும்பாலான சாஃப்ட்வேர் இன்று தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்கிறது. டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்து வரும் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில் படித்தவர்கள். இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும்போது இங்கிலீஷ் சுருக்கெழுத்தை வைத்து ஊகிக்கும்படி அவர்களை விடக்கூடாது. தெரியாததைக் கேட்டால் திட்டுவார்களோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் கேட்பதில்லை.

இப்போது நான் இருக்கும் லேபில் எந்த விளக்கம் எழுதினாலும், அந்தப் பரிசோதனையைச் செய்தே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்கிறோம். அவர் தயங்கும் இடத்தைத் திருத்தி, தேதியும் காரணமும் குறித்து வைக்கிறோம். போன வாரம் சேர்ந்த தம்பி, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போட்ட நீலமூடி டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு “மெதுவாகக் கலக்கவும்” என்ற இடத்தில் நின்றுவிட்டான். “4 முறை கவிழ்த்து நிமிர்த்தவும், குலுக்கக் கூடாது” என்று அன்றைக்கே மாற்றிவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன், கோவை