மூன்றாவது இருக்கை

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொல்லவில்லை. "வேலை கொஞ்சம் அதிகமாம்" என்று சமாளித்துவைத்தேன். போட்டிக் கம்பெனி தன் சாப்ட்வேரை அடுத்த மாதம் வெளியிடுகிறதாம், அதனால் உங்களுடையது இந்த மாதமே வந்தாக வேண்டுமாம், டெஸ்டிங்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார்களாம். போனை வைத்ததும் எனக்கு ரஷ்யர்களின் வோஸ்கோத் விண்கலம் ஞாபகம்தான் வந்தது. சின்ன வயதில் உனக்கு, விண்வெளிக்கு முதலில் போன ககாரின் கதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

1964-ம் வருடம். அமெரிக்கா ஜெமினி என்று இரண்டு பேர் உட்காரும் கலத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. ரஷ்யர்களின் புதுக் கலமான சோயுஸ் தயாராக நாளாகும். கையில் இருந்தது ககாரின் போன பழைய வோஸ்டாக்தான். சுமார் 2.3 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை, அதற்குள் ஒரே ஆள். ஜெமினி பறப்பதற்குள் மூன்று பேரை அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. தலைமை வடிவமைப்பாளர் கொரலியோவ் அதே உருண்டைக்குள் மூன்று இருக்கைகளைப் போட்டார். அதுதான் வோஸ்கோத்.

ஆபத்தில் ஆளை வெளியே தூக்கி வீசும் இருக்கையைக் கழற்றினார்கள். விண்வெளி உடை போட்டால் மூன்று பேருக்கு இடம் போதாது, ஆகவே உடையும் வேண்டாம். ராக்கெட் கிளம்பிய முதல் சில விநாடிகளில் ஏதாவது ஆனால் தப்ப வழியே இல்லை. இருக்கைகளை 90 டிகிரி திருப்பிப் போட்டார்கள், கருவிப் பலகையோ பழைய இடத்திலேயே நின்றது. ஸ்விட்ச் போர்டை மாற்றாமல் கட்டிலை மட்டும் திருப்பிப் போட்ட மாதிரி. கழுத்தைத் திருப்பித்தான் முள்ளைப் பார்க்க வேண்டும். நல்லதாக ஒன்றும் செய்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ககாரினைப் போல நடுவானில் குதிக்க முடியாது என்பதால், தரையைத் தொடும் முன் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன ராக்கெட் வைத்தார்கள்.

அக்டோபர் 6-ல் ஆளில்லாமல் ஒரே ஒரு சோதனை. 12-ம் தேதி ஆட்களோடு ஏவிவிட்டார்கள்!

அந்த மூவரில் எனக்குப் பிடித்தவர் ஃபியோக்திஸ்தோவ். பைலட் இல்லை, உன்னைப் போல இன்ஜினியர், வோஸ்டாக்கை வடிவமைத்தவர்களில் ஒருவர். இன்ஜினியர்களைச் சம்மதிக்கவைக்க, "உங்களில் ஒருவருக்கும் இடம் உண்டு" என்று கொரலியோவ் ஆசை காட்டினார் என்பார்கள். போர்க்காலத்தில் பதினாறு வயதுப் பையனாக வேவு பார்க்கப் போய் ஜெர்மானியரிடம் மாட்டியவர் இந்த மனிதர். குண்டு தாடை வழியாகக் கழுத்தைத் துளைத்தது. செத்த மாதிரி குழிக்குள் கிடந்து, அப்புறம் தவழ்ந்து தப்பினார். அவரோடு ஒரு டாக்டர், யெகோரோவ். தலைவர் கொமரோவ்.

ஒரு நாள் சுற்றிவிட்டு மூவரும் பத்திரமாக இறங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், கருங்கடல் ஓரம் ஓய்விலிருந்தபடி அவர்களோடு பேசிய சோவியத் தலைவர் குருஷேவின் பதவி 14-ம் தேதியே போய்விட்டது. மாஸ்கோவில் வரவேற்றவர் அவர் இடத்துக்கு வந்த பிரஷ்னேவ்.

விண்வெளி உடை இல்லாமல் பறந்ததை, கலம் அவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு அடையாளமாகச் சோவியத் பத்திரிகைகள் கொண்டாடின. ஊர்ப் படிப்பகத்தில் அந்தப் படத்தை வாய் பிளந்து பார்த்த பையன்களில் நானும் ஒருவன். பின்னாளில் வாத்தியாராகி அதையே வகுப்பில் சொல்லியும் கொடுத்தேன். இடம் இல்லாததால்தான் உடை இல்லை என்று ரொம்ப வருடம் கழித்துத்தான் படித்தேன். உனக்கு இந்தக் கதையைச் சொல்லாததற்கு அந்த வெட்கம்தான் காரணம்.

அடுத்த மார்ச்சில் வோஸ்கோத்-2. லியோனவ் கலத்துக்கு வெளியே பன்னிரண்டு நிமிடம் மிதந்தார். உடை பலூன் மாதிரி ஊதிப்போய் உள்ளே நுழைய முடியவில்லை. காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டுத்தான் திரும்பினார். இறங்கியது குறித்த இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பனிக்காட்டுக்குள். அதற்கும் உலகம் கை தட்டியது. ஐந்தே நாளில் முதல் ஜெமினிக் குழு பறந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ரஷ்யர்கள் ஒருவரையும் அனுப்பவில்லை. அந்த உருண்டையில் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. வோஸ்கோத்துக்குச் செலவான மாதங்களில் சோயுஸ் பின்தங்கிப் போனது என்றுதான் நான் நினைக்கிறேன். அதே காலத்தில் ஜெமினியில் பத்துக் குழுக்கள் போய், கலத்தோடு கலத்தை இணைப்பது வரை பழகித் திரும்பின. 1966 ஜனவரியில் கொரலியோவ் அறுவை சிகிச்சையின்போது இறந்தார். அதற்கப்புறம்தான் அவர் பெயரையே வெளியில் சொன்னார்கள்.

1967 ஏப்ரலில் சோயுஸ்-1. ஆளில்லாமல் செய்த சோதனைகளில் ஒன்றுகூடச் சரியாக முடிந்திருக்கவில்லை. ஆனாலும் ஆளை ஏற்றினார்கள். ஏறியவர் அதே கொமரோவ். மேலே போனதும் சூரியத் தகடுகளில் ஒன்று விரியவில்லை. மறுநாள் கிளம்ப வேண்டிய இரண்டாவது கலத்தை நிறுத்திவிட்டு இவரைக் கீழே வரச் சொன்னார்கள். காற்றுமண்டலத்தைத் தாண்டிச் சரியாகத்தான் வந்தார். பெரிய பாராசூட் பையை விட்டு வெளியே வரவில்லை. மாற்றுப் பாராசூட் சிக்கிக்கொண்டது. அவருக்கு வயது நாற்பது.

"நான் எழுதுகிற சாப்ட்வேரில் யாரும் சாக மாட்டார்கள் அப்பா" என்பாய். தெரியும்மா. இருந்தாலும் உன் மேனேஜர் அடுத்த தடவை தேதி சொல்லும்போது, எந்த டெஸ்டைக் கழற்றுகிறோம் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து மெயிலில் வாங்கிக்கொள்.

அம்மா ராத்திரி தூங்காமல் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். என் சமாளிப்பை அவள் நம்பவில்லை போலிருக்கிறது. நீயே ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா