விட்டுப்போனதா, விட்டு வைத்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் கறுப்பின அமெரிக்க எழுத்தாளர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த நூல்களை இலக்கியமாக அல்ல, வேதனையின் பதிவுகளாகப் படித்தால் போதும் என்ற தொனியில் கட்டுரை முடிந்திருந்தது. எனக்கு உறுத்தியது. அதில் ஒரு தகவல் பிழையும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் அச்சகத்தில் 31 ஆண்டுகள் புரூஃப் பார்த்தவன். ஓய்வுபெற்ற பிறகுதான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987). முதல் வாக்கியமே 124 என்ற வீட்டு எண்ணில் தொடங்குகிறது. கை தானாகப் பென்சிலைத் தேடியது. எண்ணில் தொடங்கும் வாக்கியத்தைப் பார்த்தால் எண்ணை எழுத்தாக்கிவிடுவது என் பழக்கம். பாதி நாவல் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டுத் தாய்க்கு நான்கு பிள்ளைகள். அடிமை பிடிக்க ஆட்கள் வந்து நின்றபோது மூன்றாவது பிள்ளையை அவளே கொன்றுவிடுகிறாள். 1, 2, 4. மூன்று இல்லை. இதை என்னால் மட்டும் கண்டுபிடிக்க முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பலரும் எப்போதோ எழுதிவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. போகட்டும்.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் அடுத்தடுத்து எந்த நூலை எடுத்தாலும் என்ன சொல்லவில்லை என்றே கண் போனது.

அடிமையாக இருந்த பிரடெரிக் டக்ளஸ் 1838இல் பால்டிமோரிலிருந்து தப்பினார். 1845இல் தன்வரலாறு எழுதினார். சாட்டையடி, பசி, தெருவில் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டது எல்லாம் விவரமாக வருகிறது. நாம் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் இடத்தில், எப்படித் தப்பினேன் என்பதைச் சொல்ல மாட்டேன் என்கிறார். சொன்னால் பின்னால் வருபவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். அடிமைகள் தப்பிச்செல்ல உதவிய ரகசிய ஏற்பாட்டுக்குப் 'பாதாள ரயில்பாதை' என்று பெயர். சிலர் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிப் பேசி அதை மேலே ஓடும் ரயில்பாதை ஆக்கிவிட்டார்கள் என்று கிண்டலும் செய்கிறார். அடிமைமுறை ஒழிந்த பின், 1881இல் வந்த நூலில்தான் விவரம் தருகிறார். கடலோடி ஒருவரின் ஆவணத்தை இரவல் வாங்கி, கடலோடி உடையில் ரயில் ஏறியிருக்கிறார். அதில் இருந்த அங்க அடையாளம் இவரோடு பொருந்தவில்லை. நடத்துநர் ஏறிட்டுப் பார்த்ததோடு விட்டுவிட்டார். வேதனையைக் கொட்டுகிற ஒருவர் செய்கிற காரியமா இது? எந்தப் பக்கத்தை எப்போது திறப்பது என்று அவர்தான் முடிவு செய்கிறார்.

எழுத்தாளர் விடாமல் பிறர் விடவைத்ததும் உண்டு. ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறு 'பிளாக் பாய்' 1945இல் பாதியாகத்தான் வந்தது. ஒரு புத்தகக் கழகம் கேட்டதால் சிகாகோ வாழ்க்கையைச் சொல்லும் பகுதி முழுவதும் போனது. அமெரிக்காவின் தெற்கை விட்டுக் கிளம்பினான், இனி விடிவு என்பதுபோல் நூல் முடிந்தது. வடக்கிலும் விடியவில்லை என்பதுதான் வெட்டப்பட்ட பகுதி. இரண்டு பகுதிகளும் அவர் எழுதியபடி ஒரே நூலாக வந்தது 1991இல். ரைட் இறந்து 31 ஆண்டு ஆகியிருந்தது.

சோரா நீல் ஹர்ஸ்டன் விட்டுக்கொடுக்கவில்லை. 1860இல் கடைசி அடிமைக் கப்பலில் அலபாமாவுக்குக் கொண்டுவரப்பட்ட குட்ஜோ லூயிஸ் என்ற முதியவரின் கதையை, அவர் பேசியபடியே எழுதினார். பேச்சை மாற்றிக் கொடுங்கள் என்றது பதிப்பகம். மறுத்துவிட்டார். நூல் வந்தது 2018இல். கண்ணால் படித்தபோது எனக்குப் பாதி புரியவில்லை; வாய்விட்டுப் படித்தேன், கிழவர் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சிறுகதையில் பாட்டி பேசும் வரிகளையெல்லாம் நான் 'சரி' செய்து அனுப்பினேன். எழுதியவர் நேரில் வந்து, என் பாட்டியைக் காணோமே என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, பிழைக்கு வருகிறேன். கட்டுரையின் நான்காம் பத்தியில் ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட நூலை நாவல் என்று போட்டிருக்கிறீர்கள். வட கரோலினாவின் ஈடன்டனில், அடிமையாக வைத்திருந்த எஜமானரிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஒளிந்திருந்தவர் அவர். 9 அடி நீளம், 7 அடி அகலம், அதிகபட்ச உயரம் 3 அடி. துளையிட்டு, கீழே விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலில் தன் பெயரை 'லிண்டா பிரென்ட்' என்று மாற்றினார். எஜமானர் பெயரையும் மாற்றினார். அதனாலேயே பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர், பதிப்பாசிரியையான வெள்ளைக்காரப் பெண்மணி எழுதிய கற்பனை என்று தள்ளிவிட்டார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெல்லின் கடிதங்களை ஆராய்ந்து, எழுதியது ஜேக்கப்ஸ்தான் என்று நிறுவினார். முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்திலேயே 'அவளே எழுதியது' என்று அச்சாகியிருந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு வரி போடுங்கள்: நான்காம் பத்தியில் 'நாவல்' என்பதைத் 'தன்வரலாறு' என்று திருத்திப் படிக்கவும்.

இப்படிக்கு,
பழைய புரூஃப் ரீடர் ஒருவன்