பூ ஒட்டும் இடம்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கிண்ணம் அச்சிலிருந்து சுத்தமாக வந்திருக்கிறது, இதழ்களும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. நீ கையால் செய்து ஒட்டிய பூவைச் சுற்றித்தான் மெல்லிய வெடிப்பு ஓடுகிறது. இரண்டு மண்ணும் ஒரே அளவு சுருங்கவில்லை, அவ்வளவுதான்.

கிண்ணத்துக்கு அச்சில் ஊற்றிய ஸ்லிப்பும், அதாவது குழம்பு மண்ணும், பூவுக்குப் பாக்கெட்டில் வாங்கிய களிமண்ணும் பெயருக்குத்தான் ஒரே போர்சலின், வெள்ளைப் பீங்கான் மண். காய்வதிலிருந்து கடைசிச் சூளை வரை அது 12 முதல் 15 சதவீதம் வரை சுருங்கும். அதில் ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே இருந்தாலே ஒட்டு விட்டுவிடும். அதனால் பூவையும் அதே ஸ்லிப்பில் செய். காய்ந்த பிளாஸ்டர் பலகையில் விரல் கனத்துக்கு ஊற்று. அடி உரிந்து வந்ததும் புரட்டிப் போடு. கையில் ஒட்டாத பதத்தில் எடுத்துப் பிசை. குழம்பாக ஓடுவதற்காகச் சோடியம் சிலிக்கேட் கலந்த மண் என்பதால் தொளதொளவென்று இருக்கும், வளைத்தால் கீறும். பிசையும்போது சில சொட்டு வினிகர் விட்டால் கட்டுப்படும். பிறகு பாலித்தீனில் சுற்றி ஒரு நாள் வை.

கிண்ணத்தின் சுவர் 3 மில்லிமீட்டர் போதும். பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுவர் கனம் பிடிக்கும். நேரத்தை நம்பாதே, ஈரம் ஏறிய அச்சில் அதே கனம் பிடிக்க அதிக நேரம் ஆகும். வாயோரத்தைக் கத்தியால் சீவிக் கனத்தைப் பார்த்து, பிறகு மிச்ச ஸ்லிப்பைக் கவிழ்.

ஒட்டும்போது இரண்டிலும் ஒரே ஈரம் இருக்க வேண்டும்: நகம் பதியணும், சுவர் வளையக் கூடாது. கிண்ணம் காய்ந்து பூ ஈரமாக இருந்தால் பூ மட்டும் சுருங்கிப் பிய்ந்துகொள்ளும். இரு பக்கமும் கீறிவிட்டு, வினிகர் விட்டுக் கெட்டித் தயிராக்கிய ஸ்லிப்பைத் தடவி, ஓரத்தில் பிதுங்கும்வரை லேசாகத் திருகி அழுத்து. பிதுங்கியதைப் பிழிந்த தூரிகையால் எடு. இங்கே தண்ணீர் தேங்கினால் வெடிப்பு அங்கேயே தொடங்கும். பிறகு இரண்டு நாள் மூடி வை. இதழ் நுனிதான் முதலில் காயும், திறந்த பிறகும் அதன் மேல் ஒரு பாலித்தீன் துண்டு கிடக்கட்டும்.

ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் 1731-இல் சேர்ந்த சிற்பி கெண்ட்லர் செய்த பெரிய உருவங்கள்கூடத் துண்டு துண்டாக அச்சில் எடுத்து ஒட்டியவைதான். அதனால் பறவை செய்ய ஆசைப்பட்டால் உடலை அச்சுக்கு விடு. இறகு, அலகு உன் கைக்கு. கையால் பிடித்த கனமான உடல் என்றால் உள்ளே குடைந்துவிட்டு, தெரியாத இடத்தில் ஊசித்துளை போடு. சூளை 100 டிகிரியைத் தாண்டுமுன் சில மணி நேரம் நிதானமாகப் போகட்டும்.

1,260 டிகிரிக்கு மேல் போர்சலின் இளகும், நீட்டிய கிளை தொங்கிவிடும். அதே மண்ணிலேயே தாங்கும் முட்டு செய்து, தொடும் இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அலுமினாப் பொடி பூசி, சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போதிருந்தே கூட வை. சுட்ட முட்டு வைத்தால் கிண்ணம் சுருங்கும், அது சுருங்காது.

காய்ந்ததை உப்புத்தாளால் தேய்க்காதே அம்மா. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. ஈர ஸ்பாஞ்சால் துடை, மேசையையும் அப்படியே துடை.

அன்புடன்,
அம்மா