தைலமரத் தோட்டத்தில் கண்மாய்க்கும் வழி விடுங்கள்

ஆசிரியருக்கு,

காகித ஆலைகளுக்குக் கூழ் செய்யத் தைலமரம் (யூகலிப்டஸ்) வேண்டும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத் தோட்டங்களுக்குள் மழைநீரைத் தேக்கப் போடும் வரப்புகள், கண்மாய்க்கு வர வேண்டிய தண்ணீரை வழியிலேயே மறித்துவிடுவதாக விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆற்றுப்பாசனம் குறைந்த ஊர்கள் இவை. கண்மாய் பெருகவில்லை என்றால் அந்த வருஷம் நடவே கிடையாது.

தைலமரத்தை அடியோடு ஒழிக்க வேண்டாம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரிகளை ஒட்டிய இடங்களிலாவது வரப்பை வெட்டிவிட்டு, முந்திரி, வேம்பு, நாவல் என்று வைக்கலாமே! முந்திரி இருந்தால் வருஷா வருஷம் கொட்டை பொறுக்கும் வேலையாவது உள்ளூர்ப் பெண்களுக்குக் கிடைக்கும். தைலமரம் வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி தளிர்த்துவிடும். எனவே அடுத்த வெட்டுக்கு முன்பே கிராமசபையைக் கேட்டு இதை முடிவு செய்யுங்கள்.

– ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்