பாட்டியோட காக்கி சேல

தம்பி,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ நாலு தடவ கேட்டேன். மொதல்ல கோவம் தான் வந்துச்சு, அப்பறம் திரும்ப திரும்ப கேக்க கேக்க தான் உன் குரல்ல பயம் இருக்கறது தெரிஞ்சுது. "பாப்பாவுக்கு மிலிட்டரி எல்லாம் எதுக்கும்மா, நம்ம குடும்பத்துல எந்த பொண்ணு போயிருக்கா, பொண்ணால இதெல்லாம் முடியாது, நாலு வருஷத்துல வெளிய அனுப்பிட்டா என்ன பண்ணுவா"ன்னு உன் தங்கச்சிய பத்தி கேட்டல்ல. போன்ல சொன்னா நீ நடுவுல பேசுவ, அதனால டைப் பண்றேன், ட்யூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து சாப்ட்டுட்டு நிதானமா படி.

போயிருக்காங்கடா. எங்க பாட்டி போயிருக்காங்க, உனக்கு கொள்ளுப்பாட்டி. உனக்கு இது தெரியாம இருக்கறது என் தப்பு தான், நான் சொன்னதில்ல.

அவங்க அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்தவரு, அதாவது ஆர்மில பாலம், ரோடு போடற இன்ஜினியர் படை, பெங்களூர் அல்சூர் ஏரி பக்கம் தான் வீடு. சாப்பர்ஸ்காரங்கள ஆர்மில "தம்பி"ன்னு தான் கூப்பிடுவாங்க, உன்ன நான் தம்பின்னு கூப்பிடறதும் எங்க வீட்டுல அங்கிருந்து வந்த பழக்கம் தான். ரெண்டாம் உலகப் போர் வந்தப்ப அண்ணன்மாருங்க ரெண்டு பேரும் கப்பல் ஏறிட்டாங்க, வீட்டுல வருமானம் இல்ல, அரிசி விலை ஏறிட்டே போகுது. 1942ல விமன்ஸ் ஆக்சிலரி கோர்னு பொண்ணுங்களுக்கான துணைப்படை ஒண்ணு இந்தியால ஆரம்பிச்சாங்க, ஆம்பளைங்கள யுத்தத்துக்கு அனுப்பிட்டு அவங்க பாத்த ஆபீஸ் வேலை, நம்பர் கேட்டு லைன் போட்டு குடுக்கற டெலிஃபோன் போர்டு, சைஃபர்னு ரகசிய எழுத்துல சேதி அனுப்பற வேலைக்கெல்லாம் பொண்ணுங்கள எடுத்தாங்க, மொத்தம் 11,000க்கும் மேல பேரு சேந்தாங்க. பாட்டி மெட்ரிக் வரைக்கும் படிச்சிருந்தாங்க, இங்கிலீஷ் வரும், நம்ம சர்ச்ல இருந்தே இன்னும் மூணு நாலு பொண்ணுங்க சேந்தாங்களாம். காக்கில சேல கட்டிக்கலாம், இந்திய பொண்ணுங்களுக்கு அது தான் யூனிஃபார்ம். டெலிஃபோன் போர்டுல உக்காந்து நைட் ஷிஃப்ட்லாம் பாத்திருக்காங்க, அந்த காலத்துல வயசுப் பொண்ணு நைட்டு வேலைக்கு போறதுன்னா தெருவே பேசும், பேசுச்சாம். பாட்டியோட அப்பா, அதான் அந்த சாப்பர் தாத்தா, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு போற வரவங்கள பாத்துட்டு இருப்பாராம், யாரும் வாய தொறக்கல.

யுத்தம் முடிஞ்சுது, 1947க்குள்ள அந்த கோரையே கலைச்சிட்டாங்க. ஆம்பளைங்க திரும்பி வந்துட்டாங்கல்ல, இனி வீட்டுக்கு போங்கன்னு அனுப்பிட்டாங்க. பாட்டிக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆச்சு, எங்க அம்மா பொறந்தாங்க, அந்த காக்கி சேலைய தூளியா கட்டி அதுல தான் எங்க அம்மாவ தூங்க வெச்சிருக்காங்க. நான் பொறந்தப்பயும் அதே தூளி தான். கெட்டி துணி, கிழியவே இல்ல.

எங்க வீட்டுக்கு லேண்ட்லைன் வந்தப்ப எனக்கு பத்தொம்பது வயசு. மொத கால் அடிச்சப்ப பாட்டி தான் பக்கத்துல இருந்தாங்க, எடுத்து காதுல வெச்சதும் "நம்பர் ப்ளீஸ்"னாங்க. நாங்கல்லாம் சிரிச்சிட்டோம். அவங்க சிரிக்கல, ரிசீவர எங்கிட்ட குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அன்னைக்கு சிரிச்சது இப்ப வரைக்கும் எனக்கு உறுத்துதுடா. நாப்பது வருஷத்துக்கு மேல அந்த வேலை அவங்க வாய்லயே இருந்திருக்கு, நாங்க யாருமே கேட்டதில்ல.

பாப்பா அப்ளை பண்ணதுல இருந்து நான் இத பத்தி நைட்டு நைட்டு படிச்சிட்டு இருக்கேன். எல்லா நாட்டுலயும் இதே கதை தான்பா. அமெரிக்கால வாஸ்ப்னு ஒரு குரூப், ஆயிரம் பொண்ணுங்களுக்கு மேல, ஃபேக்டரில இருந்து புது விமானத்த ஓட்டிட்டு போய் ஏர்பேஸ்ல விடுவாங்க, துப்பாக்கி ட்ரெய்னிங்குக்கு டார்கெட்ட விமானத்துக்கு பின்னாடி கட்டி இழுத்துட்டு பறப்பாங்க, கீழ இருந்து நிஜ குண்டு வெச்சு சுடுவானுங்க. 38 பேரு செத்துப் போனாங்க. ஆனா அவங்க சோல்ஜர் இல்ல சிவிலியன்னு சொல்லிட்டதால மிலிட்டரி மரியாத கெடையாது. 1944 டிசம்பர்ல கலைச்சிட்டாங்க, 1977ல தான் அவங்களும் ராணுவத்துல இருந்தவங்கன்னு ஒத்துக்கிட்டாங்க. முப்பத்து மூணு வருஷம். ரஷ்யால பொண்ணுங்க மட்டுமே இருந்த ஒரு ரெஜிமென்ட், மரமும் துணியும் வெச்சு செஞ்ச பழைய விமானத்துல நைட்டுல போய் குண்டு போட்டவங்க, அந்த ரெஜிமென்ட்டயும் யுத்தம் முடிஞ்சதும் கலைச்சாச்சு.

பொண்ணால முடியாதுன்னு நீ சொன்னல்ல, அந்த பேச்சு சண்ட இல்லாத காலத்துல மட்டும் தான்டா வருது. சண்ட வந்துட்டா யாரும் அத சொல்றதில்ல. 1971 யுத்தத்துல பாகிஸ்தான்காரன் குஜராத்ல இருக்கற பூஜ் ஏர்பேஸ் ரன்வே மேல குண்டு போட்டு நாசம் பண்ணிட்டான், பக்கத்துல மாதாபர் கிராமத்துல இருந்து 300 பொம்பளைங்க வந்து மூணு நாள்ல அத சரி பண்ணி குடுத்தாங்க. சைரன் அடிச்சா ஓடிப்போய் புதருக்குள்ள ஒளிஞ்சுக்கணும், அடங்கினா திரும்ப வேலை. மேல இருந்து தெரியக்கூடாதுன்னு ரன்வே மேல சாணி மொழுகிருக்காங்க, பச்ச சேல கட்டிருக்காங்க. அப்ப எவனும் அவங்கள பாத்து உங்களால முடியாதுன்னு சொல்லல.

இன்னொண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கறது. பாட்டி இங்க பெங்களூர்ல வெள்ளக்காரன் ஆர்மில போர்டு பாத்த அதே நேரத்துல, சிங்கப்பூர்ல நேதாஜி ஜான்சி ராணி ரெஜிமென்ட் ஆரம்பிச்சாரு, 1943ல. கேப்டன் லட்சுமி, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச டாக்டர், அவங்க தான் தலைமை. அதுல சேந்ததுல நெறைய பேரு மலேயா ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டின தமிழ் பொண்ணுங்க, ஊர்ல யாரும் மனுஷியாவே மதிக்காத பொண்ணுங்க கைல துப்பாக்கி. அப்ப பாட்டியும் அவங்களும் எதிரெதிர் பக்கம், ரெண்டு பக்கமும் தமிழ் பேசற பொண்ணுங்க! 1945 கடைசில டெல்லி செங்கோட்டைல ஐஎன்ஏ, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அவங்க மேல கேஸ் நடந்தப்ப தான் பேப்பர் படிச்சு பாட்டிக்கு இதெல்லாம் தெரிஞ்சுதாம். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா வெள்ளக்காரன் வேலைக்கு போயிருக்க மாட்டீங்களா"ன்னு ஒரு தடவ கேட்டேன். "தெரியலடி, வீட்டுல அரிசி இல்லயே"ன்னாங்க. அவ்வளவு தான் சொன்னாங்க.

சரி, இப்ப பாப்பா விஷயம். நம்ம ஊருல இருக்கற மிலிட்டரி போலீஸ் சென்டர்ல தான் 2021 மே மாசம் மொத மொதல்ல 83 பொண்ணுங்க ஜவானா ட்ரெய்னிங் முடிச்சு வெளிய வந்தாங்க, 61 வாரம் ட்ரெய்னிங். ஆபீசரா இல்ல, ஜவானா. அந்த நியூஸ டிவில பாக்கறப்ப பாப்பா எந்திரிச்சு நின்னுட்டா, நீயும் அன்னைக்கு வீட்டுல தான் இருந்த, லாக்டவுன், நெனப்பு வருதா?

நீ கேட்டதுல ஒண்ணு நியாயம், அத நான் தள்ளி விடல. இப்ப ஜவானுக்கு ஆள் எடுக்கற அக்னிவீர் முறைல நாலு வருஷம் தான், அதுக்கப்பறம் நூத்துல 25 பேர தான் வெச்சுக்குவாங்க, மத்தவங்க சேவா நிதின்னு மொத்தமா ஒரு பணம் வாங்கிட்டு வெளிய வரணும். பசங்களுக்கும் அதே ரூல் தான், ஆனா எனக்கு உடனே பாட்டி தான் கண்ணு முன்னாடி வந்தாங்க. ஆபீசரா போன பொண்ணுங்களயே 1992ல இருந்து எடுத்தும், ஷார்ட் சர்வீஸ்னு பதினாலு வருஷத்துல பென்ஷன் இல்லாம வெளிய அனுப்பிட்டு இருந்தாங்க, சுப்ரீம் கோர்ட் 2020ல சொன்னதுக்கு அப்பறம் தான் பெரும்பாலான பிரிவுல பர்மனென்ட் கமிஷனுக்கு, அதாவது ரிடயர் ஆகற வரைக்கும் இருக்கறதுக்கு, வழி தொறந்துச்சு. என் கதையும் உனக்கு தெரியும். ரேடியோ போர்டுக்கு சால்டரிங் பண்ணிட்டு இருந்தேன், என் லைன்ல ரிஜக்ட் கம்மி, பாப்பா பொறந்ததும் யாரும் போன்னு சொல்லல, ஆனா ஷிஃப்ட்ட மாத்தி மாத்தி போட்டாங்க, நானே எழுதி குடுத்துட்டு வந்துட்டேன். அதனால அந்த பயம் எனக்கு உன்னவிட ஜாஸ்தி. பாப்பாகிட்டயே கேட்டேன், நாலு வருஷம் கழிச்சு அனுப்பிட்டா என்னடி பண்ணுவன்னு. "அப்ப பாத்துக்கலாம்மா, இப்பவே நானே என்ன அனுப்பிக்கணுமா"ன்னா. எனக்கு பதில் வரல.

தினம் காலைல அஞ்சு மணிக்கு ஏரி ஓரமா ஓடறா, நான் ஸ்வெட்டர் போட்டுட்டு கேட்டுகிட்ட ஒரு கல்லு மேல உக்காந்து டைம் பாக்கறேன். 1.6 கிலோமீட்டர எட்டு நிமிஷத்துக்குள்ள ஓடணும், நேத்து ஏழு நிமிஷம் நாப்பது வந்தா. அங்க வாக்கிங் வர பெரியவங்க ரெண்டு பேரு ஏன்மா இதெல்லாம்னு கேட்டாங்க. நான் அந்த சாப்பர் தாத்தா மாதிரி பாத்துட்டு இருந்தேன்.

நீ அவகிட்ட அஞ்சு நாளா பேசல. அவ ஒண்ணும் சொல்லல, ஆனா சாப்பிடறப்ப போன பக்கத்துலயே வெச்சுக்கறா. இந்த வெள்ளிக்கிழம உனக்கு லீவு தானே, கூப்பிட்டு பேசு. அட்வைஸ் வேணாம், டைம் எவ்வளவுன்னு கேளு, போதும். அவ ஷூ அடி தேஞ்சு கட்டை விரல்கிட்ட ஓட்ட விழுந்துருச்சு, ஃபெவிகுயிக் போட்டு ஒட்டி ஓடறா, எங்கிட்ட கூட சொல்லல, காய வெக்கறப்ப நானே தான் பாத்தேன். உன் ஃப்ரெண்ட் யாரோ அடுத்த வாரம் ஊருக்கு வரான்னு சொன்னியே, அவன்கிட்ட ஒரு ஜோடி நல்ல ரன்னிங் ஷூ குடுத்து அனுப்பு. சைஸ் 6, கொஞ்சம் அகலமா இருக்கணும், அவளுக்கு உன் பாதம் தான்.

அம்மா