அச்சு எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதுங்கள்: சிங்கப்பூர்ப் பல் மருந்தகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பல் மருந்தகங்களை நடத்துவோருக்கும், அங்கே பணியாற்றும் மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் வணக்கம்.

கிரவுனும் (பல்லின் மேல் மாட்டும் உறை) பிரிட்ஜும் (இல்லாத பல்லின் இடத்தை நிரப்பும் பாலம்) செய்யும் லேப்களில் வேலை பார்ப்பவர்கள் நாங்கள். நோயாளியின் வாயில் எடுத்து நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ரப்பர் அச்சோடும் ஒரு சீட்டு வருகிறது. எந்தப் பல், என்ன நிறம், என்றைக்கு வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். அச்சு எந்தப் பொருளில் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்த இரண்டையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நிறத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்லிவிட முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறுகிறது. ஆனால் அச்சில் கல் (பல்லின் மாடல் செய்யும் ஜிப்சம் கலவை) எப்போது ஊற்றுவது என்பது பொருளைப் பொறுத்தது. கண்டன்சேஷன் சிலிக்கோன் என்ற அச்சுப்பொருள் இறுகும்போது ஆல்கஹால் உண்டாகிறது. அது ஆவியாக ஆக அச்சு சுருங்கிக்கொண்டே போகும். அரை மணி நேரத்துக்குள் ஊற்றினால்தான் அளவு நிற்கும். காலையில் எடுத்த அச்சு மாலையில் எங்களிடம் வந்து என்ன பயன்? அந்தப் பொருளையே பயன்படுத்துவதென்றால் கல்லை மருந்தகத்திலேயே ஊற்றிவிடுங்கள். அடிஷன் சிலிக்கோன் என்ற இன்னொரு வகை பல நாள் தாங்கும், இரண்டாம் முறையும் ஊற்றலாம். அதிலும் சில வகைகள் முதல் ஒரு மணி நேரம் ஹைட்ரஜன் விடும். அவசரப்பட்டு ஊற்றினால் கல்லில் ஊசிமுனைத் துளைகள் விழும்.

பாலிஈதர் என்ற அச்சுப்பொருளுக்குப் பகை தண்ணீர். அல்ஜினேட் என்ற அச்சுப்பொருளுக்குச் செய்வதுபோல ஈர டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டால் அது நீரை உறிஞ்சி உப்பிவிடும். கிருமிநீக்கக் கரைசலில் தயாரிப்பாளர் சொன்ன நேரம் மட்டும், பொதுவாக 10 நிமிடம், வைத்து, கழுவி, உலர்த்தி அனுப்புங்கள். கிருமிநீக்கம் முடிந்தது என்று சீட்டில் ஒரு சொல் எழுதாவிட்டால் நாங்கள் மறுபடி முக்க வேண்டியிருக்கிறது. டெஸ்பாட்ச் மோட்டார்சைக்கிளின் பெட்டி நம் ஊர் மதிய வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அச்சை உறுதியான டப்பாவில் வைத்து, வெயில் படாமல் கொடுத்தனுப்புங்கள்.

இனி, சீட்டில் எழுத முடியாத சங்கதிகள். முதலில் கையுறை. அடிஷன் சிலிக்கோன் இறுகுவது பிளாட்டினம் வினையூக்கியால். லேடெக்ஸ் கையுறையில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் அதைச் செயலிழக்கச் செய்கின்றன. புட்டியை (கையால் பிசையும் கெட்டியான அச்சுப்பொருள்) அந்தக் கையுறையோடு பிசைந்தால் மட்டுமல்ல, கிரவுனுக்காகத் தயார் செய்த பல்லையோ ஈறையோ அதே கையால் தொட்டிருந்தாலும் போதும். அச்சு வெளியே வரும்போது நன்றாக வந்ததுபோலவே தோன்றும். லென்ஸுக்கு அடியில் வைத்தால்தான் மார்ஜின் (பல்லில் கிரவுன் முடியும் விளிம்பு) ஓரமாகப் பிசுபிசுப்பான மெல்லிய படலம் தெரியவரும். அதன்மேல் ஊற்றிய கல் அந்த இடத்தில் மட்டும் சொரசொரப்பாக வரும். கிரவுன் எங்கே முடியவேண்டும் என்ற கோடே இருக்காது. கலந்த பலகையில் மிஞ்சியது இறுகிவிட்டதே என்று நம்பாதீர்கள், கெடுவது தொட்ட பரப்பு மட்டும்தான். வினைல் கையுறை நல்லது. நைட்ரைல் என்றால் கோலிக்குண்டு அளவு புட்டியைப் பிசைந்து சோதித்துப் பாருங்கள். ஈறை விலக்கும் நூலில் தோய்த்த ஃபெரிக் சல்ஃபேட்டும் இதே கோளாறைச் செய்யலாம். நூலை எடுத்தபின் நன்றாகக் கழுவி, உலர்த்தி, பிறகு லைட் பாடியை (நெகிழ்வான அச்சுப்பொருள்) செலுத்துங்கள்.

அடுத்தது ட்ரே பசை, அதாவது அச்சுப்பொருளை வாயில் வைக்கும் தட்டோடு பிடித்துவைக்கும் பசை. மெல்லிய ஒரு பூச்சு, விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் வரை. குறைந்தது 5 நிமிடம், முடிந்தால் 10, காயவேண்டும். சிலிக்கோன் பசை பாலிஈதரைப் பிடிக்காது. பசை பிடிக்காத அச்சு, வாயிலிருந்து இழுக்கும்போது ட்ரேயை விட்டு ஓரத்தில் பிரியும். அதை விரலால் அழுத்தி ஒட்டவைத்து அனுப்பினால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. மாடலில் கிரவுன் அழகாக உட்காரும், வாயில் உட்காராது. எங்களுக்கு மிகவும் மனவேதனை தருவது இதுதான். பிரிந்த அச்சைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அச்சுப்பொருளின் பெட்டியில் போட்டிருக்கும் வேலைநேரம் (கலந்தபின் இறுகத் தொடங்கும்வரை உள்ள நேரம்) 23 டிகிரி செல்சியஸுக்கு உரியது. ஞாயிறு முழுவதும் ஏர்கான் ஓடாத அறையில் கிடந்த கார்ட்ரிட்ஜ் (அச்சுப்பொருள் அடைத்த குழல்) திங்கட்கிழமை காலையில் அதைவிட வேகமாக இறுகும். பாதி இறுகியதை வாயில் அழுத்தினால், எடுத்தபின் அது மீண்டு உருத்திரியும். கார்ட்ரிட்ஜில் கலக்கும் முனையை மாட்டுமுன் கொஞ்சம் பிதுக்கி, இரண்டு துளையிலும் சமமாக வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மார்ஜின் தெரியவில்லை என்று நாங்கள் போன் செய்தால், "முடிந்தவரை செய்யுங்கள்" என்று சொல்லாதீர்கள். நோயாளி மறுபடி லீவு போட்டு வரவேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஊகித்து வரைந்த கோட்டில் செய்த கிரவுனுக்கு அடியில் சொத்தை விழுந்தால் அவர் இழப்பது அந்தப் பல்லை.

பொருள், எடுத்த நேரம், கிருமிநீக்கம்: இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கல் ஊற்றிய நேரத்தை அதே சீட்டில் குறித்து, கிரவுனோடு திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
சிங்கப்பூர் லேப்களில் பணியாற்றும் பல் தொழில்நுட்பர்கள் சிலர்