மருத்துவ ஏடுகள் சிகிச்சை தரும் மருத்துவரிடம் தாமதமின்றிச் சேரவும், வெளியாரிடம் போகாமல் காக்கப்படவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கப் பணியாளர்,
விருதுநகர் மாவட்டம்.
(பெயரும் முகவரியும், நோய் விவரத்தை எழுத என் தாயார் அளித்த சம்மதக் கடிதமும் தனித்தாளில் உள்ளன.)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தாயாருக்கு வயது 71. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கப்பட்டது. கடந்த ஐப்பசியில் ஒரு நள்ளிரவில் மீண்டும் நெஞ்சு வலி வரவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் உள்ளது, எந்த மாத்திரை எப்போது நிறுத்தப்பட்டது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு கடைசியாகப் பார்த்தபோது என்ன என்று பணியில் இருந்த மருத்துவர் கேட்டார். ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியமானது. என் கையில் இருந்த மஞ்சப் பையில் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கமும் ஓர் ஈ.சி.ஜி. தாளும் மட்டுமே இருந்தன. அந்த வெப்பத்தாளில் கோடுகள் எல்லாம் மங்கி வெளுத்துப் போயிருந்தன. மருத்துவர் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையே அந்தத் தனியார் மருத்துவமனைக்குச் சென்று ஏடுகளின் நகல் கேட்டேன். ரெக்கார்டு அறைச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார், நிர்வாக இயக்குநரின் (எம்.டி.) கையெழுத்து வேண்டும் என்று சொன்னவர்கள், "கேஸ் போடப் போகிறீர்களா?" என்றும் கேட்டார்கள். நகல் கிடைக்க 19 நாட்கள் ஆயின. அதற்குள் தாயார் வீடு திரும்பிவிட்டார். ரத்தப் பரிசோதனைகளும் எக்கோவும் அரசு மருத்துவமனையில் முதலில் இருந்து மறுபடியும் எடுக்கப்பட்டன. இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஏடுகளை வழங்க வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதே விதிகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் ஏடுகளைப் பாதுகாத்தால் போதும் என்கின்றன. இன்னும் சில மாதங்கள் கழித்து வந்திருந்தால் கோப்பே இருந்திருக்காது என்று நகல் கொடுத்த ஊழியர் சாதாரணமாகச் சொன்னார். ஸ்டென்ட் ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கப் போகிறது. அதைப் பற்றிய காகிதத்துக்கு மட்டும் மூன்று ஆண்டுக் கெடு என்பது பொருந்தவில்லை.

இதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. வீடு திரும்பியதும் தாயாருக்கு ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்த்தோம். அந்த அறிக்கையை மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்பே, சர்க்கரை நோய்க்கான 'பேக்கேஜ்' விற்கும் ஒருவர் தாயாரின் கைப்பேசிக்கு அழைத்து, "பாட்டி, உங்களுக்கு ஒன்பதுக்கு மேலே இருக்கே" என்றார். எண் சரியாகவே இருந்தது. "என் ரத்தத்தில் இருப்பது அவனுக்கு எப்படிடா தெரியும்?" என்று தாயார் கேட்டார். அந்தக் கேள்வியே இம்மனுவை எழுத வைத்தது. உயிர் காக்கப் போராடிய மருத்துவருக்கு 19 நாட்கள் எட்டாத விவரம், முன்பின் தெரியாத விற்பனையாளருக்கு இரண்டே நாளில் எட்டியிருக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்துள்ளது. நோயாளியின் இரகசியத்தை, விதிகளில் சொல்லப்பட்ட சில சூழ்நிலைகளில் அன்றி, மருத்துவர் வெளியிடக் கூடாது என்று மேற்சொன்ன 2002 விதிகளும் கூறுகின்றன. இரகசியத்தைக் காப்பதென்றால் ஏட்டைப் பூட்டி வைப்பது என்று சில மருத்துவமனைகள் பொருள் கொள்கின்றன, அது தவறு. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2017 இந்த எல்லையைத் தெளிவாக வகுத்திருக்கிறது: ஒருவரின் சிகிச்சையில் நேரடியாக ஈடுபட்டுள்ள மற்றொரு மருத்துவப் பணியாளருக்கு, அந்தச் சிகிச்சைக்குத் தேவைப்படும்போது, தகவலைத் தனிச் சம்மதம் இன்றியே தெரிவிக்கலாம். மிகவும் மறைவாகக் காக்க வேண்டிய ஒரு நோய்க்கே இத்தகைய நடைமுறை சாத்தியம் என்றால், இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் அதை ஏன் பின்பற்ற முடியாது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் 14 இலக்க ஆபா எண் (ஒருவரின் மருத்துவ ஏடுகளை இணையவழியில் இணைக்கும் கணக்கு எண்) இக்குறையைத் தீர்க்கக்கூடியது என்றே நினைக்கிறேன். யார், எந்த ஏட்டை, எதற்காக, எத்தனை நாள் பார்க்கலாம் என்று நோயாளி வரையறுக்கவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அதில் இடம் உண்டு. ஆனால் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா, டோக்கனுக்குத்தான்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. நூறு பேர் நிற்கும் வரிசையில் அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும், எதற்கு என்று தெரியாமல் சொன்ன ஆறு இலக்க எண்ணைச் சம்மதமாகக் கொள்ள இயலாது. தனியார் மருத்துவமனையில் என் தாயார் கைநாட்டு வைத்த படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கோரும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது. அட்டவணையில் தமிழ் உள்ளது.

எனவே, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டம், 1997-இன் கீழ் பதிவு பெற்ற மருத்துவமனைகளும் பரிசோதனைக் கூடங்களும் 72 மணி நேர விதியைத் தமிழில் எழுதி வரவேற்பு மேசையில் வைக்கவும், நோயாளி வேறிடத்தில் அவசரச் சிகிச்சையில் இருந்தால் அங்குள்ள மருத்துவர் கேட்ட அன்றே சுருக்க விவரத்தை அனுப்பவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். உடலில் நிரந்தரமாகக் கருவி பொருத்தப்பட்டவர்களின் ஏடுகளை அவர்கள் ஆயுள் முழுதும் பாதுகாக்கவும், அழிக்கும் முன் நோயாளிக்குத் தெரிவிக்கவும் வழி செய்ய வேண்டும். பரிசோதனை முடிவுகளை வணிக நோக்கில் பிறருக்குத் தரும் கூடங்களின் பதிவை ரத்து செய்யவும், இது குறித்த புகார்களை மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் பெற்று ஒப்புகைச் சீட்டு வழங்கவும் ஏற்பாடு தேவை. ஆபா எண் கட்டாயம் இல்லை என்பதையும், சம்மதம் எதற்கு என்பதையும் ஓ.பி. கூடத்தில் எளிய தமிழில் எழுதி வைக்கக் கோருகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்ல ஒருவரை அமர்த்தினால் இன்னும் நல்லது.

நான் கொடுத்த விண்ணப்பத்தின் நகலும், அழைப்பு வந்த தேதியும் நேரமும் இம்மனுவுடன் இணைக்கப்பட்டுள்ளன. அழைத்தால் மூல ஆவணங்களுடன் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(கையொப்பம்)